பூசைக்கு வராத தொட்டி

அன்று, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைத் தோட்டத்து ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கத் தலைவி கருப்பாயி அக்கா, ஆயாவின் நாற்காலியில். பெரியவர்கள் உட்காரக்கூடிய நாற்காலி அங்கே அது ஒன்றுதான். அவருக்கு வலது பக்கம், ஜன்னல் கட்டையில் ஒரு காலை மடித்துப் போட்டபடி, அவருடைய கொழுந்தனும் கோவில் கமிட்டித் தலைவருமான ஏழுமலை. பெண்களின் மீன் வளர்ப்புச் சங்கத்தில் அவருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. விஜயகலாவும் மற்ற உறுப்பினர்களும் பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில், முழங்கால் தாடையில் இடிக்க. செயலாளரான நான், சுவரோரம் பாயில், மடியில் பலகையும் அதன்மேல் வெள்ளைத்தாளுமாக. தெரேசம்மா அக்கா வாசல்படியில் நின்றார். பெஞ்சில் இடம் இருந்தது. யாரும் நகரவில்லை.

என்னைக் கூப்பிட்டது புகார்க் கடிதம் எழுத. தெரேசம்மா மற்றவர்களுடைய தொட்டிகளில் புல்லுக்கு அடிக்கிற மருந்தை ஊற்றி மீன்களைக் கொன்றுவிட்டார், ஆகவே அவருடைய தொட்டியை உடைக்க வேண்டும் என்று தோட்ட ஆபீசுக்கு எழுத வேண்டும். ஏழுமலை அதை முன்கூட்டியே தோட்டத்து மேனேஜரான துரையிடம் சொல்லிவிட்டார். சங்கம் எழுத்தில் கொடுத்தால் மறுநாளே ஆளனுப்புவதாகத் துரையும் சொல்லியிருந்தார். புருஷன் டெனிஸ் ரப்பர் மலையில் விழுந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு, அந்தத் தொட்டியை நம்பித்தான் தெரேசம்மா வீட்டில் அடுப்பெரிகிறது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பாதி தேயிலை, பாதி ரப்பர். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு சீமெந்துத் தொட்டி கட்டி, அழகுக்கு வாங்கிப்போகும் கோய் மீனும் கோல்ட்பிஷ்ஷும் வளர்க்கிறோம். மாவனல்லையில் மீன்கடை வைத்திருக்கும் பவாஸ் லொறியோடு வந்து ஏற்றிப் போவார். புல்லு மருந்து என்ற பேச்சு வருவதற்கு ஒரே ஆதாரம், எல்லாத் தொட்டியிலும் கோய் மீன் செத்து மிதக்க, தெரேசம்மா தொட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை என்பதுதான். பிழைத்திருப்பதே குற்றம்.

என் தொட்டியில் நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் தீனிக்கு வராமல் ஒதுங்கின. பிறகு தண்ணீர் விழுகிற குழாயடியில் கூட்டமாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. கண் உள்ளே குழிந்துபோனது. தோலில் ஓரிடம் வழவழவென்று சளி, இன்னோரிடம் சொரசொரப்பு. செத்த ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டு, அழுகிய பூமாதிரி. அதே தண்ணீரில் கொசுவுக்காக விட்டிருந்த சின்ன மீனும், தவளையின் தலைப்பிரட்டையும் துள்ளிக்கொண்டிருந்தன. கோல்ட்பிஷ்ஷுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே, கேகாலையில் மீன் வைத்தியம் தெரிந்த மிருக வைத்தியர் டாக்டர் நபீலாவுக்குப் போன் செய்து இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் வரிசையாகவே பதில் சொன்னார். விஷம் என்றால் தலைப்பிரட்டை முதலில் போயிருக்கும். கோயை மட்டும் தேடிக் கொல்கிற வைரஸ் ஒன்று உண்டு, நீங்கள் சொல்கிற அடையாளம் அதற்குத்தான் பொருந்துகிறது, ஆனால் சோதித்துப் பார்க்காமல் பெயர் வைக்க மாட்டேன் என்றார். சாகப்போகிற மீன் ஒன்றை ஐசில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார். அதற்கு மருந்து கிடையாது, உப்பும் மஞ்சளும் ஆன்டிபயோட்டிக்கும் போட்டுக் காலத்தைக் கழிக்க வேண்டாம் என்றார். பிழைத்த மீனும், நோயே படாத கோல்ட்பிஷ்ஷும்கூட அதைச் சுமந்துகொண்டு போகக்கூடும், ஒன்றையும் விற்காதீர்கள் என்றார். கடைசியாகக் கேட்டார், சமீபத்தில் புது மீன் ஏதாவது வந்ததா என்று.

வந்தது. ஏழுமலை கொண்டுவந்து இறக்கினார், முழங்கை நீளக் கோய் மீன்கள், கொழும்புப் பண்ணையிலிருந்து என்று.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. புது மீன் வந்தால் மாரியம்மன் கோவில் வாசலில் பெரிய அண்டாவில் விடுவோம். ஒவ்வொருத்தியும் தன் தொட்டியிலிருந்து ஒரு சோடியை வாளியில் கொண்டுபோய் அதே அண்டாவில் சேர்ப்போம். புதுசும் பழசும் ஒன்றாகச் சுற்றிவர, சூடம் காட்டி மஞ்சள்தண்ணீர் தெளித்து, பிறகு அவரவர் சோடியையும் புது மீனில் அவரவர் பங்கையும் ஒரே வலையால் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவோம். தெரேசம்மா வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர், பூசைக்கு வர மாட்டார். பூசைக்கு வராதவருக்குப் பங்கும் இல்லை என்று சட்டம் போட்டது ஏழுமலை. அந்தச் சட்டத்தைக் கேட்டுக்கொண்டு நாங்களும் சும்மாதான் இருந்தோம்.

"எழுதும்மா," என்றார் ஏழுமலை. "தெரேசம்மா என்பவர் பொறாமையினால்னு ஆரம்பி."

"எதுக்குப் பொறாமைங்கண்ணே?"

"பூசைல பங்கு குடுக்கலைல, அதுக்குத்தான்."

"மருந்து ஊத்தியிருந்தா தலைப்பிரட்டை எப்படிங்க உசுரோட இருக்கு?"

"பாத்தீங்களா," என்று அவர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "டவுன் ஸ்கூல்ல படிச்ச புள்ள. தவளைக்கும் சேர்த்து ரிப்போர்ட் எழுதும்."

சிரித்தார்கள். மீன் செத்துக் கண் வீங்க அழுதவர்களும் சிரித்தார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன்.

அந்தப் பெரிய மீன்கள் எந்தப் பண்ணையில் வாங்கியது என்று கேட்டேன். கொழும்பு என்றார். கொழும்பில் எங்கே என்று கேட்டேன். பெரிய இடம், உனக்குச் சொன்னால் தெரியாது என்றார். அப்போதுதான் விஜயகலா, கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"கொழும்பா? எங்க வீட்டுக்காரரு ஆட்டோலதானே மீன் பீப்பா வந்துச்சு. கீழ ரோட்டு ஹோட்டல்ல ஏத்துனதா சொன்னாரு."

ஏழுமலை அவளை ஒரு பார்வை பார்த்தார். விஜயகலா முந்தானையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தாள். நான் விடவில்லை. ஹோட்டல்காரர் அவ்வளவு பெரிய மீனை ஏன் கொடுத்தார் என்று கேட்டேன். குளத்தை மூடுகிறார், சும்மா கொடுத்தார் என்றார். ஏன் மூடுகிறார் என்று கேட்டேன். இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"அங்கயும் கொஞ்சம் செத்துச்சு," என்றார். "மிச்சம் நல்லா இருந்துச்சு. நல்லா இருந்ததத்தான் கொண்டாந்தேன். செத்ததையா கொண்டாந்தேன்?"

நல்லா இருந்துச்சு. டாக்டர் நபீலா எதற்குப் பயப்படச் சொன்னாரோ, அந்த நல்லா இருந்ததைத்தான் இவர் சாமி முன்னால் அண்டாவில் விட்டு, எங்கள் எல்லோருடைய சோடியையும் அதோடு நீந்தவைத்து, வீட்டுக்கு வீடு அனுப்பியிருக்கிறார். சரி, தெரியாமல் செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஹோட்டலில் செத்தது தெரியும். இங்கே சாகத் தொடங்கியதும் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்டு, வாயைத் திறந்து சொல்வதற்குப் பதில், படுத்த படுக்கையாகக் கிடப்பவன் பெண்டாட்டி மேல் விஷம் வைத்த பழியைப் போட்டார். அதைத் தெரியாமல் செய்ய முடியாது.

நான் அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன், ஒன்றுவிடாமல்.

அவர் குரலைத் தாழ்த்தினார். பெண்கள் பக்கமாகக் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல. "சரி, இருக்கட்டும். நாளைக்கு பவாஸ் வர்றாரு. அது வரைக்கும் யாரும் மூச்சு விடாதீங்க. மிச்சத்த ஏத்திவிட்டுருவோம். நீ இந்தத் துண்டுக் கடுதாசிய எழுதிக் குடு, துரைகிட்ட சொன்ன சொல்லு பொய்யாகக் கூடாது."

கருப்பாயி அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னிடம் கேட்டார். "பவாஸ் தம்பி நம்ம மீன எங்க போடுவாரு?"

"கடைத் தொட்டில, மத்த மீனோட."

"அங்கேருந்து?"

"வாங்குறவங்க வீட்டுக் குளத்துக்கு."

அவர் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, சங்கத்து ரப்பர் முத்திரையை எடுத்து என் பலகைமேல் வைத்தார். "எழுது. நடந்தத எழுது."

"அண்ணி," என்றார் ஏழுமலை.

"நீங்க சங்கத்துல மெம்பரா, கொழுந்தனாரே?"

அவர் ஜன்னல் கட்டையிலிருந்து இறங்கினார். யார் சோறு போடுகிறார்கள் என்று பார்க்கிறேன் என்பதுபோல ஏதோ சொல்லிக்கொண்டே, தெரேசம்மாவை இடிக்காமல் போகும் அளவுக்குக்கூட ஒதுங்காமல், வெளியே போனார்.

அப்போது பெஞ்சில் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். வாங்கக்கா, உக்காருங்க என்றாள் விஜயகலா. தெரேசம்மா அசையவில்லை.

"நின்னே கேக்குறேன்," என்றார். "என்னை விஷம் வச்சவன்னு சொன்னீங்க. பொம்பளப் புள்ளைங்க என் வீட்டு வாசல்ல தண்ணி எடுக்கக்கூட வரல. இப்ப மீனுக்கு வைரஸ்னு எழுதுவீங்க. எனக்கு என்ன எழுதுவீங்க? அதையும் எழுதுங்க. யாரு சொன்னாங்கன்னு பேரோட எழுதுங்க."

எழுதினேன். துரைக்கு முகவரியிட்டு, டாக்டர் நபீலாவுக்கும் பவாஸுக்கும் பிரதி போட்டு. எங்கிருந்து மீன் வந்தது, யார் கொண்டுவந்தார், எப்படி அண்டாவில் கலந்தது, எந்த அடையாளங்களோடு செத்தது என்று ஒவ்வொன்றாக. சோதனை முடிவு வரும்வரை ஒரு மீனும் ஒரு வலையும் ஒரு வாளியும் தோட்டத்தை விட்டு வெளியே போகாது என்று. செத்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கிறோம், ஓடையில் எறிய மாட்டோம் என்று. இனிப் புது மீன் எங்கிருந்து வந்தாலும் தனித்தொட்டியில், தனி வலையோடு, இரண்டு மாதம் ஒதுக்கி வைத்துப் பார்த்த பிறகே சேர்ப்போம், பூசையைச் சூடத்தோடு முடித்துக்கொள்வோம், அண்டா வேண்டாம் என்று. இதற்கு முணுமுணுப்பு வந்தது. அம்மன் கோபிப்பாள் என்றாள் ஒருத்தி. மீன் சாகும்போது கோபிக்காதவள் இதற்கா கோபிப்பாள் என்று கருப்பாயி அக்கா கேட்டார், அதோடு அது அடங்கியது.

கடைசிப் பத்தியைச் சத்தமாக வாசித்தேன். "தெரேசம்மா மருந்து ஊற்றினார் என்று கோவில் கமிட்டித் தலைவர் ஏழுமலை தங்களிடம் கூறியது பொய். அவரது தொட்டி நோய் தொடாமல் இருப்பதற்குக் காரணம், நாங்கள் அவருக்குப் பங்கு கொடுக்காமல் ஒதுக்கியது. அத்தொட்டியை உடைக்கச் சங்கம் கேட்கவில்லை. உடைக்க விடவும் மாட்டாது."

"மாட்டாதுங்கிறது கொஞ்சம் ஓவரு," என்றாள் விஜயகலா.

"இருக்கட்டும்," என்றார் தெரேசம்மா.

கருப்பாயி அக்கா கையெழுத்திட்டார், நான் இட்டேன், மற்றவர்களும் வரிசையாக இட்டார்கள். விஜயகலாவின் புருஷன் சுரேந்திரன், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் மீன் ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்து, டாக்டரின் பிரதியோடு ஆட்டோவில் கேகாலைக்குக் கிளம்பினார். பவாஸிடம் போனிலும் சொல்லிவிட்டேன். போன முறை ஏற்றிய மீனை இப்போதே வேறாக்குகிறேன், சொன்னதுக்கு சந்தோசம் என்றார்.

துரைக்கான கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். பசை காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. தெரேசம்மா தன் வீட்டுக்குப் போய் ஒரு பிடி சோறு கொண்டுவந்தார். அதைக் குழைத்து உறையின் வாயை ஒட்டி, ஒட்டின இடத்தின்மேல் சங்க முத்திரையை அழுத்தினேன். தோட்டத்துத் தபால்காரர் முத்துவீரன் ஆபீசுக்கு இறங்குகிற நேரம். துரை கையில்தான் கொடுக்க வேண்டும், வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். ஏழுமலை கேட்டாலுமா என்றார். அவர் கேட்டால் முக்கியமாக என்றேன். முத்துவீரன் உறையைப் பைக்குள் வைத்து, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, குறுக்குப் பாதையில் இறங்கினார்.