கால்வாய்த் தெரு கமலாம்பாள்

காரைக்காலில் பிரான்சு என்றால் யாரும் வியந்து பார்க்க மாட்டார்கள். தெருவுக்கு ஒரு வீட்டில் யாராவது பிரெஞ்சு பென்ஷன் வாங்கினார்கள், யாராவது பாரீசில் இருந்தார்கள். ஆனால் 1971இல் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்துக்கு வந்து இறங்கிய ஏழு வயது திரிபுரசுந்தரி பிறந்தது இங்கிலாந்தில். அதுவும் லண்டன் இல்லை, வடக்கே கால்டர்பரி என்கிற ஒரு நூல் ஆலை ஊர். அது எங்கே இருக்கிறது என்று சொல்ல அவளுக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் புரிந்துகொள்ளும் பொறுமை இல்லை.

அவளுடைய அப்பா குஞ்சிதபாதம் நெடுங்காட்டு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. நூற்பு வேலை படித்துவிட்டுக் கால்டர்பரி ஆலைக்குப் போனவர். அங்கே மனைவி கமலாம்பாளைப் பறிகொடுத்துவிட்டு மகளோடு ஊர் திரும்பினார். நிமோனியா காய்ச்சல், அங்கேயே எரித்துவிட்டோம் என்று உறவுக்காரர்களிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்கவில்லை. பக்கத்து ஊர் மில்லில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. அக்காள் சௌந்தரவல்லியைக் கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொண்டார். அடுத்த கல்யாணத்துக்கு எத்தனையோ பேர் வற்புறுத்தியும் மசியவில்லை.

வருஷம் தவறாமல் தை மாதத்தில் கமலாம்பாளுக்குத் திதி கொடுத்தார்கள். படத்துக்கு மாலை போட்டு, புதுச்சேலை வைத்து, தலைவாழை இலையில் படைப்பார்கள். பத்து வயதிலிருந்தே வாழைக்காய் வறுவல் மட்டும் சுந்தரியின் கையால்தான். அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று அத்தை சொல்லியிருந்தாள்.

வந்த புதிதில் சுந்தரி பள்ளிக்கூடத்தில் தன் ஊரைப் பற்றி ஓயாமல் பேசினாள். கரி பிடித்துக் கறுத்த செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும். காலையில் பெண்கள் மண்டியிட்டு வாசற்படியைக் கல்லால் தேய்ப்பார்கள். ஆலைச் சங்கு ஊதினால் தெரு முழுக்க மரச்செருப்புச் சத்தம். தெருக்கோடியில் ஒரு கால்வாய் இருந்தது. ஒருநாள் அந்தக் கால்வாய் உறைந்து கல்லாகக் கிடக்க, அவளும் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்தார்கள்.

தண்ணீர்மேல் நடந்தாளாம் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். 'புளுகுணி' என்ற பெயர் இரண்டு வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை அப்பாவிடமே, நாம் கால்வாய் மேல் நடந்தோமே என்று கேட்டாள். அவர் சாப்பாட்டில் பாதியில் எழுந்து கைகழுவிவிட்டு, "கனவு கண்டிருப்ப" என்றார். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. வளர வளர அவளுக்கே சந்தேகம் வந்தது. காரைக்காலின் வெயிலில் இருபது வயதில் நின்றுகொண்டு, பனியை நினைத்துப் பார்த்தால் வேறு யாருக்கோ நடந்தது போல இருந்தது.

1986 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. குஞ்சிதபாதம் வழக்கம்போல் எள் விளக்குப் போடத் திருநள்ளாறு போயிருந்தார். அத்தை இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுந்தரி அப்போது ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. விடுமுறை நாளாகையால் வீட்டில் இருந்தாள். வாசலில் வாடகைக் கார் ஒன்று நின்றது. பருத்தித் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு வெள்ளைக்கார மூதாட்டி இறங்கி, காகிதத்தில் இருந்த முகவரியையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுந்தரியைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அழ ஆரம்பித்துவிட்டாள்.

கால்டர்பரியில் அடுத்த வீட்டில் இருந்த ஹார்கிரீவ்ஸ் அம்மாள்தான் அது. அப்பாவும் அம்மாவும் இல்லாத பொழுதுகளில் வெண்ணெய் தடவிய ரொட்டி கொடுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டவள். சுந்தரியின் நினைவில் அவள் பெரிய மேலங்கி கட்டிய பருத்த பெண். இப்போது ஒடிந்துவிடுகிற மாதிரி இருந்தாள். தோழிகளோடு தரங்கம்பாடி பார்க்க வந்த இடத்தில், நீ இங்கேதானே இருக்கிறாய் என்று, உன் அப்பாவின் பழைய கடிதத்தில் இருந்த முகவரியோடு தேடிக்கொண்டு வந்தேன் என்றாள்.

காப்பி குடித்தபடியே ஊர்க்கதை சொன்னாள். கால்வாய்த் தெரு இப்போது இல்லை, நகராட்சி அந்த வீடுகளையெல்லாம் இடித்துவிட்டது. ஆலையும் மூடிவிட்டார்கள். இருந்த இடம் தெரியாமல் போய்விடுமே என்று நூலகத்தில் சிலர் சேர்ந்து, அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்களின் சின்ன வயது நினைவுகளை ஒலிநாடாவில் பதிந்துவருகிறார்கள், புத்தகமாகப் போடப்போகிறார்கள். அவர்களில் ஹார்கிரீவ்ஸ் அம்மாளும் ஒருத்தி. எல்லாருடையதையும் எழுதியாகிவிட்டது. ஒன்று மட்டும் யாருக்கும் புரியவில்லை, ஏனென்றால் அது தமிழ். "உன் அம்மா பேசியது" என்றாள்.

சுந்தரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அந்தக் காலத்திலேயே பதிவு செய்தீர்களா என்று கேட்டாள்.

எண்பத்தொன்றில் என்றாள் ஹார்கிரீவ்ஸ் அம்மாள்.

தன் ஆங்கிலம்தான் துருப்பிடித்துவிட்டது என்று சுந்தரி நினைத்தாள். அம்மா எழுபத்தொன்றில் இறந்துவிட்டார்களே என்று மெதுவாகச் சொன்னாள். மூதாட்டி கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு சுந்தரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த மனநோய் மருத்துவமனையைப் பற்றிச் சொன்னாள். கமலாம்பாள் அங்கே பன்னிரண்டு வருஷம் இருந்தாள். ஹார்கிரீவ்ஸ் அம்மாள் முடிந்தபோதெல்லாம் போய்ப் பார்த்தாள். எண்பத்து மூன்று குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியில் கமலாம்பாள் இறந்தபோதும் பக்கத்தில் இருந்தாள். உனக்கு இதெல்லாம் தெரியும், தூரம் அதிகமாகையால் வரமுடியவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன் என்றாள்.

சுந்தரிக்கு அழுகை வரவில்லை. கூடத்தில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். உயிரோடு இருந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு தடவை இலை போட்டிருக்கிறோம் என்பது மட்டும் மனதில் ஓடியது.

ஹார்கிரீவ்ஸ் அம்மாள் கைப்பையிலிருந்து சின்ன டேப்ரெகார்டரை எடுத்து மேசைமேல் வைத்தாள். முதலில் ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல், உங்கள் சின்ன வயதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றது. பிறகு ஓர் இருமல். பிறகு அம்மா.

"சின்ன வயசு சொல்லுன்னு கேக்குறாங்க. நெடுங்காட்டுல வாய்க்காலுக்குத் தண்ணி வந்துச்சுன்னா மொத ஆளா நான்தான் ஓடுவேன். எங்க மாமா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ்காரன் சீமையில. சாவடியில, ஒண்ணும் ஒளிச்சு எடுத்துட்டுப் போவலன்னு பாவாடைய ஒதறிக் காட்டிட்டுத்தான் போவணும். பிரிட்டிஷ்காரன் ஊருன்னா தங்கத்துல இருக்கும்னு நெனச்சுக்குவேன். போயிப் பாத்தா அதே வரப்பு, அதே நண்டு. அப்புறம் பாரு, நெசமாவே பிரிட்டிஷ்காரன் ஊருக்கே வந்து சேந்துட்டேன்."

அந்தக் குரல் சிரித்தது. சுந்தரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் நாடா வெறுமனே சுற்றியது. மறுபடி குரல் வந்தபோது கதை நெடுங்காட்டில் இல்லை. செவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கால்வாய்த் தெருவில் ஓடினதும், ஆலைச் சங்குக்குக் காதைப் பொத்திக்கொண்டதும், அடுத்த வீட்டு ரொட்டிக்கு ஆசைப்பட்டதும் தன் சின்ன வயதுதான் என்பதுபோல் அவள் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் சுந்தரிக்கு நடந்தவை. சுந்தரி கனவு என்று நம்பிவிட்டவை.

"அன்னிக்கு வாய்க்கா கல்லாட்டம் கெடந்துது. எம்மா வா, எம்மா வான்னு இழுத்தா. நானும் போனேன். ரெண்டு பேரும் மேல நின்னோம். வயித்துல இருந்த புள்ள போனதுலேந்து நான் சிரிக்கவே இல்ல. அன்னிக்குத்தான் சிரிச்சேன். அது தப்புன்னுட்டாங்க."

அவ்வளவுதான். இருமல், பிறகு இரைச்சல்.

சுந்தரி கேட்டதற்கு ஹார்கிரீவ்ஸ் அம்மாள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அந்த வருஷம் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோய், கமலாம்பாள் வாரக்கணக்கில் சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்படிப்பட்டவள் மகளோடு கால்வாய் நடுவே நிற்பதைப் பார்த்து யாரோ கத்தினார்கள். ஆட்கள் ஓடிப்போய் இழுத்துவந்தார்கள். குழந்தையோடு சாகப்போனாள் என்று போலீசு எழுதியது. கமலாம்பாள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். தமிழில் சொன்னாள்.

பகல் சாய்ந்தபின் குஞ்சிதபாதம் நெற்றியில் விபூதியோடு வந்தார். மூதாட்டியைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார். மகளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று கேட்காமலே அவருக்குப் புரிந்தது. ஹார்கிரீவ்ஸ் அம்மாள் தடியை ஊன்றி எழுந்து, பஸ் நிலையத்துக்கு அருகே லாட்ஜில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் அவர்தான் பேசினார். டாக்டர்கள் தேறாது என்றார்கள். விமானத்தில் ஏற்ற முடியாது என்றார்கள். நாலு வருஷம் பணம் அனுப்பினார், விசாரித்தார், அப்புறம் அது விட்டுப்போயிற்று. இங்கே பைத்தியக்காரி மகள் என்று பெயர் விழுந்தால் உன் கதி என்ன என்றார். இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் நீ தினமும் கேட்டிருப்பாய், நான் என்ன பதில் சொல்வேன் என்றார். "நீ பொழைக்கணும்னுதாம்மா பண்ணேன்."

"அம்மாவும் பொழைச்சுத்தான் இருந்தாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். சாகக் கூட்டிப்போனாளே, உன்னைச் சாகக் கூட்டிப்போனாளே என்று இரண்டு தடவை சொன்னார்.

"அவங்க கூட்டிட்டுப் போவலப்பா. நான்தான் கைய புடிச்சு இழுத்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

சுந்தரி அவர் எதிரே வந்து நின்றாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஏழு வயசு, பேசத் தெரியாதா எனக்கு?"

"அவ சொன்னா," என்றார் அவர் கடைசியில். "அன்னிக்கே சொன்னா. எனக்குத்தான் நம்பிக்கை வரல."

அடுத்த இரண்டு நாளும் சுந்தரி பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருந்தாள். நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னாள். மூதாட்டி எழுதிக்கொண்டாள். 'வரப்பு' என்பதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டு சின்ன வயதுகளும் கலந்துகிடக்கின்றனவே, உன்னுடையதை எடுத்துவிடலாமா என்று ஹார்கிரீவ்ஸ் அம்மாள் கேட்டாள். வேண்டாம், அம்மா சொன்னபடியே இருக்கட்டும் என்றாள் சுந்தரி. போகும்போது மூதாட்டி நாடாவின் பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தத் தை மாதத்தில் திதி நடக்கவில்லை. நடத்தலாமா என்று அவர் கேட்கவும் இல்லை. சுந்தரி சமைத்தாள், பரிமாறினாள், வேலைக்குப் போய்வந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவளே முந்திக்கொண்டு அம்மா எங்கே எப்படி இறந்தாள் என்பதைச் சொன்னாள். ஒரு குடும்பம் திரும்பிவரவில்லை. அதற்காக அவள் வருந்தியதாகத் தெரியவில்லை.

மறுவருஷம் புத்தகம் தபாலில் வந்தது. தெருவாரியாகப் பிரித்திருந்தார்கள். கால்வாய்த் தெருவின் கீழே, ஆலைக்காரிகளும் கரிவண்டிக்காரரும் பேசிய பக்கங்களுக்கு நடுவே, கமலாம்பாள் பேசியது ஒன்றரைப் பக்கம் வந்திருந்தது. நெடுங்காட்டு வாய்க்காலும் எல்லைச் சாவடியும் அந்த ஊர்ச் சரித்திரத்தில் சேர்ந்துவிட்டன.

குஞ்சிதபாதம் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். படித்து முடித்து மூடி வைத்தார். பிறகு, ஆங்கிலத்தில் விட்டுப்போயிருக்குமோ என்னவோ என்று இழுத்தார்.

"நாடாவுல என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

சுந்தரி அவரைப் பார்த்தாள். கன்னம் ஒடுங்கி, சவரம் செய்யாமல், பதிலுக்காக வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு பொய் சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த வீட்டில் அப்படித்தான் எல்லாம் நடந்தது என்றும் தோன்றியது.

"இல்லப்பா," என்றாள். "ஒண்ணுமே சொல்லல."

அவர் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றி மடிக்கப் பார்த்தார். ஒரு பக்கம்தான் மடிந்தது. சுந்தரி வாங்கி மடித்துக் கூட்டில் போட்டு, அவர் பக்கத்தில் வைத்தாள்.