கெட்டிமேளத்தில் விழுந்த கோல்

பெரிய டிவியில் ரோஜாப்பூ ஒன்று விரிந்தது. அதற்குள்ளிருந்து குமரகுருவின் முகம் வெளியே வந்தது. வாலிப முகம், அடர்ந்த மீசை, கழுத்தில் கறுப்புக் கயிறு. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முகம் இதயப் படத்துக்குள் போய் உட்கார்ந்ததும், கீழே தங்க எழுத்தில் 'மாவட்டக் கால்பந்து வெற்றித் திருவிழா' என்று ஓடியது. கூடத்தில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இன்னா குரு, பொண்ண எங்க விட்டுட்டு நீ மட்டும் தனியா வர்ற?" என்றார் இளங்கோவன். அந்தக் காலத்தில் கோல் காத்தவர். இப்போது எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்க வேண்டும், வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

குமரகுரு சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்டு, அந்த இரண்டாவது ஆளையும் நம்பாமல் வீடு திரும்புகிறவர் அவர். கேசட்டில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறது என்றதுமே அவருக்குச் சந்தேகம் தட்டியது. ஏற்றினவன் இறக்கவும் செய்வான், மாற்றவும் செய்வான்.

ஏற்றினவர் பக்கத்திலேயே இருந்தார். சின்ன காஞ்சிபுரத்து சக்ரவர்த்தி, கல்யாண வீடியோக்காரர். ஸ்டுடியோ பரணைக் காலி செய்தபோது இவர்கள் மாவட்டத்தில் ஜெயித்த வருஷம் தான் எடுத்த பந்தாட்டக் கேசட்டுகள் கிடைத்தன என்று பென்டிரைவும் கையுமாக அவரே வந்துவிட்டார். வேறு யார் வீட்டில் போட்டிருந்தாலும் குமரகுருவுக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்திருக்கும். போட்டது மச்சான் நமச்சிவாயத்தின் வீட்டில். மனைவி மங்கையர்க்கரசியின் கூடப்பிறந்த அண்ணன் வீடு.

அந்த இறுதி ஆட்டத்தின் ஒரே கோலைத் தன் காலால் அடித்ததாகக் குமரகுரு சொல்வார். தன் தலையால் அடித்ததாக நமச்சிவாயம் சொல்வார். மூலையிலிருந்து பந்து பறந்து வந்தது, இரண்டு பேரும் பாய்ந்தார்கள், பந்து உள்ளே போனது, அதற்குள் மைதானமே மேலே விழுந்து அமுக்கிவிட்டது. எழுந்தபோது ஆளுக்கொரு கோல் வைத்திருந்தார்கள். அவர்கள் ஊரான பிள்ளையார்பாளையம் முழுக்க நமச்சிவாயத்தைத்தான் நம்பியது. அவருக்குப் பேசத் தெரியும், ஊரில் நாலு பேர் கேட்பார்கள். குமரகுருவுக்குக் கத்த மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தையை இத்தனை வருஷம் கத்தினால் கத்துகிறவனுக்கே அதன்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு உதைத்த கால் அது. பட்டதா இல்லையா? யாரிடமும் கேட்க முடியாத அந்தக் கேள்விக்கு இன்றைக்குச் சாயங்காலம் எல்லார் முன்னாலும் பதில் வந்துவிடும்.

ஆனால் முதல் ஆட்டம் ஓட ஆரம்பித்ததும் கட்டியிருந்த கை தானாகவே அவிழ்ந்தது. படம் புகைமூட்டமாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன, அந்த ஓட்டம் தெரிந்தது. பாதிப் பேருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. பகலெல்லாம் பட்டு நெய்யும் தறிக்குழியில் மிதிகட்டையை மிதித்த கால்கள், வெளியே விட்டதும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளின. ஒவ்வொரு கோலுக்கும் சக்ரவர்த்தி ஒரு தாமரையைப் பூக்கவிட்டிருந்தார். அரக்கோணத்துக்காரர்களை அடித்த அன்றைக்கு டிவியில் ஒரு குளமே பூத்தது.

அடுத்தது மழை ஆட்டம். அதைப் பார்த்ததும் கூடம் சிரிப்பில் ஆட்டம் கண்டுவிட்டது. பட்டுக்குச் சாயம் போடுகிற தொட்டியிலேயே பனியன்களை முக்கி எடுத்து, அரக்குச் சட்டை என்று போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். பட்டுக்குப் பிடிக்கிற சாயம் பருத்திக்குப் பிடிக்காது என்று எல்லாருக்கும் தெரியும். ஆசையில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. மழை கொட்டியதும் சாயம் கழன்று தொடை வழியாக ஒழுகியது. எதிரணிக்காரர்கள் ரத்தம் என்று பயந்து கிட்டே வராமல் விலகி விலகி ஓடினார்கள். டிவியில் அரக்குக் கால்களோடு குமரகுரு தனியாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு போனார், ஊர்வலம் போகிற மாதிரி.

"அன்னிக்கு வேட்டியெல்லாம் செவப்பாயி எங்கம்மா ஊரையே கூட்டிட்டாங்கபா" என்றார் இளங்கோவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

குமரகுரு இப்போது சத்தமாகவே சிரித்தார். முன்னால் இருந்த டேபிளுக்கு அடியில் அவர் வலது கால் எதையோ உதைத்துக்கொண்டிருந்தது. நமச்சிவாயம் அதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, என் டேபிள ஒடச்சிடாத" என்றார்.

இறுதி ஆட்டம் வந்தது. சிரிப்பு அடங்கியது. கோல் விழாமலே நேரம் ஓடி, கடைசியில் அந்த மூலை உதை. ஆள்கள் கோலுக்கு முன்னால் முண்டிக்கொண்டு நின்றார்கள். நமச்சிவாயம் தெரிந்தார், அவர் தோளுக்குப் பின்னால் குமரகுரு தெரிந்தார். பந்து கிளம்பியது. பொய்யனாகவே வீட்டுக்குப் போகப்போகிறோமோ என்று நினைத்தார் குமரகுரு.

பந்து பாதி வழியில் இருக்கும்போது கேமரா திரும்பிக்கொண்டது. டிவியில் கூட்டத்தின் முகங்கள். சக்ரவர்த்தி சேர்த்திருந்த நாதஸ்வரமும் தவிலும் ஒரே இடியாகக் கெட்டிமேளம் கொட்டின. முகங்கள் எல்லாம் வாயைத் திறந்து குதித்தன. திரும்பி வந்தபோது கோலுக்கு முன்னால் மனிதக் குவியல்தான் இருந்தது.

எல்லாரும் ஒரே சமயத்தில் சக்ரவர்த்திமேல் பாய்ந்தார்கள்.

"நான் என்ன பண்றது ஓய்" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "தாலி கட்டுற நேரத்துல பையன எடுக்கப்படாது, பொண்ணோட அம்மா மொகத்த எடுக்கணும். என் வாத்தியார் சொல்லிக் கொடுத்த தொழில். எது முக்கியமோ அது பாக்கறவா மொகத்துலதான் தெரியும்."

"உன்ன கூப்ட்டது கல்யாணத்துக்காய்யா?" என்றார் குமரகுரு. திட்டத்தான் வாயைத் திறந்தார், குரலில் பாரம் இறங்கிய சந்தோஷம் இருந்தது. கோல் யாருடையது என்று படத்திலும் தெரியவில்லை, தப்பித்தாயிற்று.

இளங்கோவன்தான், "இருப்பா, இருப்பா. பின்னால போ. அந்த வேப்பமரம்" என்றார்.

சக்ரவர்த்தி பின்னால் ஓட்டி நிறுத்தினார். மைதானத்து ஓரம் வேப்பமரத்தடியில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தை குமரகுருவின் மகள் ரேவதி. பெண் மங்கையர்க்கரசி.

'அன்றைக்கு நான் கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை' என்று புருஷனிடமும் சொல்லி அண்ணனிடமும் சொல்லி, இத்தனை வருஷம் சாதித்தவள். எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. காப்பித் தட்டோடு அவள் அங்கேதான் நின்றிருந்தாள்.

"இன்னாமா இது" என்றார் நமச்சிவாயம்.

"கோயிலுக்குப் போற வழிதானே அது" என்றாள் அவள். அது வழியே இல்லை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"யார் அடிச்சது? நீ நேரா பாத்துக்கினு இருக்கிறே. சொல்லு" என்றார் அண்ணன்.

"சொல்லிட்டு? எனக்குப் பொறந்த வீடும் வேணும், வாக்கப்பட்ட வீடும் வேணும். காப்பி ஆறுது, எடுத்துக்குங்க."

"ஓட்டு, இன்னா கத்துறான்னு பாப்போம்" என்றார் இளங்கோவன். சக்ரவர்த்தி ஓட்டினார். கெட்டிமேளத்தில் குரல் கேட்கவில்லை. மங்கையர்க்கரசி எட்டிப் பார்க்கிறாள், கண் விரிகிறது, குதிகால் எழும்புகிறது, எதையோ கத்துகிறாள். கத்தின மறுகணம் வலது கை பாய்ந்து வந்து வாயை அழுத்திப் பொத்துகிறது. யாராவது கேட்டுவிட்டார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறாள். பொத்தின கைக்கு மேலே கண்கள் சிரிக்கின்றன.

"அண்ணான்னுதான் கத்துது எந்தங்கச்சி" என்றார் நமச்சிவாயம். சொல்லும்போதே அவர் குரல் பாதியில் இறங்கியது.

அண்ணனைக் கூப்பிட எந்தத் தங்கை வாயைப் பொத்துவாள்? குமரகுரு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லவைக்கிறவள் இவள். காது சூடாகியது. அந்த முகத்தைத் தொட வேண்டும் போல இருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் யாரையும் சரி என்று சொல்லிக் கேட்டிராத கூடம் அது.

நமச்சிவாயத்துக்கு அதுதான் தாங்கவில்லை. "அப்படியெல்லாம் உட்டுக் குடுக்காத மாப்ள. எந்திரி. எந்திரின்றேன். எங்க நின்ன, நான் எங்க நின்னேன், இப்பவே காட்டிடலாம்." சோபாவிலிருந்த குட்டித் தலையணையை எடுத்து இளங்கோவனிடம் எறிந்தார். "நீ அந்த மூலைக்குப் போபா."

"ரெண்டு பேருக்கும் முட்டி போயிடும், சொல்லிட்டேன்" என்றார் இளங்கோவன். சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து மூலைக்குப் போனார்.

நாற்காலிகள் ஒதுங்கின. சக்ரவர்த்தி பையிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டின இரண்டு கிழவர்களைப் பார்த்தார். பிறகு அவர்களை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பி நின்றார். மங்கையர்க்கரசி தட்டைக் கீழே வைத்தாள். தலையணை மூலையிலிருந்து கிளம்பி, மின்விசிறியைத் தாண்டி வந்தது. நமச்சிவாயத்தின் தலை மேலே போனது, குமரகுருவின் கால் தரையை விட்டது. அவள் வாயைத் திறந்தாள்.