மூன்று தட்டு

உபகாரமேரியின் விரல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். எட்டு வருஷம் பழைய எழுத்துருவில் டைப் அடித்த கை அது. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்குச் செமிகோலன் கட்டை. கம்ப்யூட்டருக்குத் தமிழா தெரியும்? செமிகோலனைக் கண்டதும் சொல் முடிந்துவிட்டதென்று நின்றுவிடும். கண்ட்ரோலையும் பேக்ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் முழுச்சொல் போகாது, துண்டுதான் போகும். ஒரு பெயரை அழிக்க டக், டக், டக்கென்று மூன்று தட்டு.

அவள் டைப் அடித்துவந்த பழைய கடையை மூடிவிட்டார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் தீனதயாளனின் போஸ்டர் கடையில் இன்று அவளை வேலைக்கு வைத்துப் பார்க்கிறார்கள். இங்கே எல்லாம் யூனிகோட்; புள்ளி வைத்தாலும் சொல் உடையாது.

முதல் ஆளாகத் தியாகதுருகத்திலிருந்து பிரவீன்குமார் வந்தான். காலையில் இறந்துபோன அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பிள்ளைகள் பெயரை அவன் சொல்லச் சொல்ல அடித்தாள்: பிரவீன்குமார், எழில்மதி, ஆகாஷ். எழில்மதி என்னும்போது மட்டும் அவன் குரல் இறங்கியது.

"தங்கச்சியாங்க?"

"ஆமா. வூட்ட வுட்டு ஓடிப்போய்க் கட்டிக்கினவ. அவ பேரும் வரணும்னு அம்மா ஒரே அழுக."

ஆகாஷில் ஓர் எழுத்து தப்பாக விழுந்திருந்தது. கை தன்பாட்டுக்கு மூன்று தட்டு தட்டியது. யூனிகோடில் முதல் தட்டிலேயே ஆகாஷ் முழுசாகப் போய்விட்டான். இரண்டாவதில் கமா, மூன்றாவதில் எழில்மதி. கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்த மேரி, ஆகாஷை மட்டும் திரும்ப அடித்துவைத்தாள்.

பிரவீன்குமார் திரையைப் பார்த்தான். "சரியா இருக்கு. இப்பிடியே போட்டுடுங்க."

அப்போதுதான் அவளும் பார்த்தாள். "ஐயோ, தங்கச்சி பேரு வுட்டுப்போச்சுங்களே!"

"போவட்டுங்க. அம்மா கேட்டா மெசின்ல போச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"அவரே சொல்றாரு இல்ல? பிரிண்ட் குடும்மா," என்றார் தீனதயாளன்.

பேசாமல் கொடுத்திருந்தால் வேலை நிச்சயம். பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே! ஒரு பெண்ணை அப்பன் சாவிலிருந்தே தன் விரல் துடைத்துப்போட்டதை அவளால் தாங்க முடியவில்லை.

"மெசின் இன்னா பண்ணும்? என் கைதாங்க அழிச்சிச்சு." எழில்மதியை அதே இடத்தில் திரும்ப அடித்தாள். கீபோர்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "வேணாம்னா நீங்களே அழிங்க. பேருக்குப் பக்கத்துலதான் கர்சர் நிக்குது."

"கஸ்டமர்கிட்ட பேசற பேச்சா இது? நாளைக்கு நீ வர வேணாம்!" தீனதயாளன் கத்தினார். மேரிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கீபோர்டைத் திரும்ப இழுக்கவில்லை.

பிரவீன்குமார் விரலைக் கட்டைமேல் வைத்தான். அழுத்தவில்லை. உதடு கோணியது.

"அப்பா போனதே அவளுக்குத் தெரியாதுங்க. நம்பர் எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு," என்றான்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே நின்று அழைத்தான். ஒரே மணியில் எழில்மதி எடுத்துவிட்டாள்.

"அண்ணா?" என்றது போன்.