வாசல் மிதித்தவள்

"அஸர் தொழுகைக்கு அப்புறம் சடங்குக்கு ஜனம் வரும், இந்தப் பக்கம் உன் நெழலு கூட விழக்கூடாது, சொல்லிட்டேன்," என்றாள் தஃபீதா. சொன்னதோடு நிற்காமல், மூத்த மருமகள் ஸனிய்யாவின் அறைக் கதவை இழுத்துச் சாத்தி, அதன் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தும் கொண்டாள்.

இளைய மருமகள் இன்சாஃபின் கையில் வெந்தயக் கஷாயம் ஆவி பறந்துகொண்டிருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்கென்று விடிவதற்கு முன்பே எழுந்து அவள்தான் காய்ச்சினாள். மாமியார் தம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டாள். காய்ச்சிய கை ஆகும், கால்தான் ஆகாது.

எகிப்தில் ஸோஹாக் பக்கத்து எங்கள் ஊர்களில் இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பிள்ளை பெற்றவளின் அறைக்குள் நாற்பது நாள் சிலவற்றை விடக்கூடாது. பச்சை இறைச்சி, கத்தரிக்காய், அப்போதுதான் சவரம் செய்துகொண்டு வந்த ஆள், பிள்ளையில்லாத பெண். இதில் எது நுழைந்தாலும் தாயின் கருப்பை மூடிக்கொள்ளும், பிறகு திறக்கவே திறக்காது. இதற்குக் கப்ஸா என்று பெயர். ஒன்பது வருஷமாகப் பிள்ளையில்லாத இன்சாஃபைக் கத்தரிக்காயோடு சேர்த்து வைத்திருந்தார்கள்.

அன்று ஸனிய்யாவின் குழந்தைக்கு ஏழாம் நாள் சடங்கு. ஐந்தாவது குழந்தை, ஐந்தாவது பெண், ஐந்தாவது முறை வயிற்றைக் கிழித்து எடுத்தது. முதல் பெண்ணுக்கு ஆடு அறுத்தார்கள். இந்தப் பெண்ணுக்குப் பொரித்த கடலையோடு சரி.

ஆஸ்பத்திரிக்கு ஸனிய்யாவோடு போயிருந்தவள் இன்சாஃப்தான். டாக்டரம்மா தையல் போடும் முன் வெளியே வந்து அவளிடமும் ஸனிய்யாவின் புருஷன் ரஷ்வானிடமும் சொன்னாள்: "கருப்பை சுவரு காகிதம் மாதிரி இருக்கு. இன்னொண்ணு உண்டானா வயித்துக்குள்ளயே கிழிஞ்சுரும். அவங்கள நான் காப்பாத்த முடியாது. இப்பவே குழாய கட்டிடறேன், கையெழுத்துப் போடுங்க."

ரஷ்வான் பேனாவைத் தொடவில்லை. "டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க. எனக்கு இன்னும் ஒரு பையன் பொறக்கல," என்று சொல்லிவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான். அந்த ஆளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இன்சாஃப் அரசாங்கத்தின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குக் கிளம்பினாள். அவளுக்கு அங்கே ராயிதா வேலை. வீடு வீடாகப் போய், பிள்ளைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளின் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது அரசாங்கத்தின் விதி. அவளை அந்த வீட்டில்தான் விடக்கூடாது என்பது ஊரின் விதி. இரண்டுக்கும் நடுவில், வாசலுக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கத்தி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். சுவரில் 'பூமி தாங்காது' என்று துணி கட்டியிருந்தது. வெள்ளைத் திரையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. நாட்டின் ஜனத்தொகையாம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. பெண்கள் மடியில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக உட்கார்ந்து, அதைப் படமெடுக்கும் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பின்வரிசையில் இருந்த கிழவர் ஹம்தான் எழுந்தார். "சார், பூமி நெறஞ்சு போச்சுங்கறீங்க. அதோ மலை வரைக்கும் பாலைவனம் சும்மாத்தானே கெடக்கு? ஒரு ஈ காக்கா கெடையாதே அங்க?"

"தண்ணியில்லாத எடத்த எல்லாம் கணக்குல சேக்க முடியாதுங்க, பெரியவரே."

"அப்ப தண்ணியக் கொண்டாங்க, நாங்க பூமியப் பெருசாக்கிக் காட்டுறோம்." எல்லோரும் சிரித்தார்கள். கிழவர் விடவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

அதிகாரி கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார். "நாலு. அது வேற காலம்."

"நாலும்?"

"பசங்கதான்."

"அப்ப நாலோட நிறுத்தலாம், நல்லாவே நிறுத்தலாம்," என்று சொல்லிவிட்டுக் கிழவர் உட்கார்ந்தார்.

சிரிப்பை அடக்க அதிகாரிக்கு ஏதாவது கிடைக்க வேண்டியிருந்தது. ஓரமாக நின்ற இன்சாஃப் கிடைத்தாள். "இதோ உங்க ராயிதாவையே பாருங்க! கல்யாணமாகி ஒம்போது வருஷம். ஒண்ணு கூட பெத்துக்கல. பூமிக்குப் பாரமில்லாம வாழுறதுன்னா இப்படித்தான் வாழணும். கை தட்டுங்க!"

யாரும் தட்டவில்லை. ஒருத்தி முகத்திரையைக் கடித்துக்கொண்டாள். இன்னொருத்தி தன் குழந்தையை மறு தொடைக்கு மாற்றினாள். அதிகாரி மட்டும் தனியாகத் தட்டினார். பூமி நிறைந்துவிட்டதா இல்லையா என்று படித்தவர்கள் எப்படி வேண்டுமானாலும் வாதாடட்டும். அந்த வாதம் எந்த உடம்பின் மேல் நின்று நடக்கிறது என்று குனிந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. இன்சாஃபுக்கு அழுகை வரவில்லை, காது மட்டும் கொதித்தது.

அவள் கூட்டம் முடியும் முன்பே திரும்பி, கொல்லைப்பக்கமாக, எருமைக் கொட்டடி வழியே வீட்டுக்குள் நுழைந்தாள். ஸனிய்யாவின் அறை ஜன்னல் அங்கேதான் திறந்தது. உள்ளிருந்து கம்பியை யாரோ தட்டினார்கள்.

"இன்சாஃப்! கிட்ட வாடி."

"வேணாங்க்கா. மாமி பாத்தா கொன்னுடுவாங்க."

"நான் தானே சாகப்போறேன், நீ ஏண்டி பயப்படுறே?" ஸனிய்யாவின் முகம் கம்பிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "நாப்பது முடிஞ்சதும் அவன் வருவான். நீ சொன்ன மூணு மாச ஊசிய நான் போட்டுக்கறேன்."

"போட்டுக்கோங்க. புள்ளைக்குத் தடுப்பூசின்னு சொல்லிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்."

"அது மட்டும் போதுமா? ஆறு மாசம் வயிறு நிக்கலன்னா தோண்டித் துருவுவாங்க. எதிர்வீட்டுக் கரீமாவுக்கு என்னாச்சு? அவ புருஷன் டவுனுக்கு இழுத்துட்டுப் போயி, உள்ள வச்சிருந்த லூப்ப உருவிப்போட்டு, தலாக்கும் குடுத்தானே. அஞ்சு பொட்டப் புள்ளைங்கள இழுத்துக்கிட்டு நான் எங்கடி போவேன்?"

"அப்ப என்ன செய்யறது?"

"என் வயிறு மூடினதுக்கு ஒரு காரணம் வேணும். எல்லாரும் கண்ணால பாத்த காரணம்." ஸனிய்யா கொஞ்சம் நிறுத்தினாள். "நீ உள்ள வா. இன்னிக்கு, எல்லாரும் இருக்கறப்ப."

இன்சாஃபுக்குச் சுருக்கென்றது. "நீங்களுமா அத நம்புறீங்க?"

"நான் நம்பல. அவங்க நம்புறாங்கல்ல? இத்தன வருஷம் உன்ன அடிச்ச கம்பு. ஒரே ஒரு தடவ எனக்குக் குடு."

"கலஃப் என்னை வெச்சிருக்க மாட்டாரு, அக்கா."

"தெரியும்," என்றாள் ஸனிய்யா. அதற்கு மேல் அவள் கெஞ்சவில்லை. ஜன்னலை விட்டு நகரவும் இல்லை.

கலஃப் இன்சாஃபின் புருஷன். இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று ஒன்பது வருஷமாக அரிக்கும் தாயிடம், பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தவன். வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே மனிதன். அவனிடம் உண்மையைச் சொன்னால் அன்று சாயங்காலத்துக்குள் அது அவன் அண்ணன் ரஷ்வான் காதுக்குப் போய்விடும். அவளுக்கு அது தெரியும். எருமைத் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அஸர் முடிந்து உரல் சத்தம் கேட்கும்வரை அங்கேயே இருந்துவிட்டு, கொல்லையைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள்.

ஸனிய்யாவின் அறைக்குள் சடங்கு உச்சத்தில் இருந்தது. குழந்தையைச் சல்லடையில் கிடத்தியிருந்தார்கள். தஃபீதா அதன் காதருகே உரலில் உலக்கையை இடித்து, "உம்மா சொல்லு கேளு, பாட்டி சொல்லு கேளு," என்று பாடிக்கொண்டிருந்தாள். ஒருத்தி உப்புத் தூவினாள். ஊர்ப் பெண்கள் அறை கொள்ளாமல் நின்றார்கள்.

இன்சாஃப் வெள்ளைக் கோட்டோடு வாசற்படியை நன்றாக அழுத்தி மிதித்து உள்ளே வந்தாள். கூட்டம் தானாக விலகியது. நேராகப் போய் ஸனிய்யாவின் கட்டிலில், அவள் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

உலக்கை நின்றது.

முதலில் அலறியது தஃபீதா. "ஐயோ, மூடிட்டாளே! என் வீட்ட மூடிட்டாளே!" அப்புறம் யார் கை, யார் செருப்பு என்று தெரியவில்லை. கோட்டின் தையல் பிரிந்தது. உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. கலஃப் வயலிலிருந்து ஓடிவந்து அவளைப் பெண்களின் நடுவிலிருந்து முற்றத்துக்கு இழுத்தான். அடிக்கத்தான் இழுத்தான் என்று ஊர் நினைத்தது. அவன் அவள் உதட்டைத்தான் பார்த்தான்.

"தெரியாமப் போயிட்டேன்னு சொல்லு," என்றான் மெல்ல. "அத மட்டும் சொல்லு, நான் பாத்துக்கறேன்."

"தெரிஞ்சேதான் போனேன்."

"ஏன்?"

இன்சாஃப் உதட்டு ரத்தத்தைக் கோட்டின் கையில் துடைத்துக்கொண்டாள். அவன் காத்திருந்தான். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, "உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு," என்றான். தாயின் ஒன்பது வருஷ வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

துணிமூட்டையோடு அவள் தெருவில் இறங்கியபோது, ஸனிய்யா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் தண்ணீர்க் கூஜா. எங்கள் ஊரில், திரும்பி வரவே கூடாதவர்களின் முதுகுக்குப் பின்னால்தான் மண்கூஜாவை உடைப்பார்கள். "பாவி! என் வயித்த அடைச்சுட்டியே! நீ நாசமாப் போவ!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தி, கூஜாவை ஓங்கி உடைத்தாள். தண்ணீர் இன்சாஃபின் குதிகாலை நனைத்தது. அவள் திரும்பவில்லை. தெருவில் அத்தனை பேரும் ஸனிய்யாவுக்காக அழுதார்கள்.

தஃபீதா ஏழு கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து மூத்த மருமகளைக் குளிப்பாட்டினாள், நீல மணி கட்டினாள். எதுவும் பலிக்கவில்லை. பலிக்காதபடி ஊசி பார்த்துக்கொண்டது. கலஃபுக்கு வேறு பெண் வந்தாள். பையன் வேண்டுமென்று ரஷ்வானும் பெண் தேடத் தொடங்கினான். ஸனிய்யாவை மட்டும் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, பாவம், அடுத்தவள் செய்த வினை.

இரண்டாவது ஊசிக்கு அவள் குழந்தையோடு சுகாதார நிலையத்துக்கு வந்தாள். பெஞ்சில் மற்ற பெண்களோடு சேர்ந்து இன்சாஃபுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், தரையில் துப்பவும் செய்தாள். திரைக்குப் பின்னால் நர்ஸ் ஊசி போட்டுவிட்டு வெளியே போனாள். அப்போதுதான் ஸனிய்யா, அங்கே துணைக்கு நின்ற இன்சாஃபின் புறங்கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஃபாயிஸாவுக்கு இது ஏழாவது, நேத்துத்தான் பொறந்துது," என்றாள் காதோரமாக. "நபவிய்யாவுக்கு அடுத்த வாரம். ரெண்டு பேரும் உன்கிட்ட கேக்கச் சொன்னாங்க. அவங்க வாசலயும் ஒரு தடவ மிதிச்சுட்டுப் போவியாம்."

வெளியே பெஞ்சில் யாரோ, "அந்த மலடி இன்னும் உள்ளயா இருக்கா?" என்று கேட்டார்கள்.

இன்சாஃப் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"ஃபாயிஸா வீடு எந்தத் தெருவுல?" என்றாள்.