நீளப் பாட்டு

பையைத் திறந்து காட்டச் சொன்ன காவலாளி முதலில் குடையை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, துண்டில் சுற்றியிருந்த ஃபிளாஸ்க்கை.

“இது என்னம்மா?”

“சுடுதண்ணி.”

“பாட்டில், ஃபிளாஸ்க் எதுவும் உள்ள விடமாட்டாங்க.”

“இதைத் தூக்கி நான் யார் மண்டைய உடைக்கப்போறேன்?”

வரிசையில் பின்னால் நின்ற வழுக்கைத்தலைக்காரர் சிரித்துவிட்டார். “விடுங்க சார். அக்கா எறிஞ்சாலும் மேடை வரைக்கும் போகாது.”

காவலாளி விடவில்லை. “போறப்ப வாங்கிக்குங்க. ஆனா ஒரு தடவ வெளிய வந்துட்டா திரும்ப உள்ள போக முடியாது.”

திரும்ப உள்ளே போக எனக்கென்ன பைத்தியமா என்று நினைத்துக்கொண்டே அவள் நடந்தாள். எப்போது முடியும், எப்போது வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்பதிலேயே அவள் மனம் இருந்தது.

டிக்கெட் அவளுடையதில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் வாங்கியது. விற்பனை தொடங்கிய காலையில் ஏதோ ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் நின்றபடி, கிரீஸ் கையால் போனைத் தேய்த்துத் தேய்த்து வாங்கியிருந்தார். அப்போது அவருக்கு வெறும் இருமல்தான். ஒரே ஒரு டிக்கெட். அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “அந்த இரைச்சலுக்கா? நீங்களே போயிட்டு வாங்க” என்றிருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

மீசை அரும்பிய வயதிலிருந்து அவர் கேட்டுவந்த வெளிநாட்டு ராக் குழு அது. கேசட்டில் கேட்டார், போனில் கேட்டார், வேலைக்குப் போன இடங்களில் லிஃப்ட் ஓடும் இருட்டுக் கூண்டுக்குள் நின்று, எதிரொலிக்கிறது என்பதற்காகவே தொண்டை கிழியப் பாடினார். நேரில் பார்த்ததில்லை. அவர்கள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. வந்தபோது அவர்கள் எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இவருக்கு நுரையீரல் போய்விட்டது.

கச்சேரி நாளன்று காலை அவருடைய நகங்களில் நீலம் பாய்ந்திருந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில், அடுத்தவர் கையைப் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவள். கையைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். மகள் பார்ப்பதற்குள் அதைப் போர்வைக்குள் வைத்து மூடினாள்.

“நான் போகல,” என்றாள்.

“டிக்கெட்டு வீணாயிடும்.”

“ஆகட்டும். இல்லேன்னா இவ போகட்டும். இவளுக்காவது அந்தப் பாட்டெல்லாம் தெரியும்.”

மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். இப்போதெல்லாம் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பேசினார்.

“இவ போனா பாட்டு கேப்பா. நீ போனாத்தான் எனக்குச் சொல்லுவே. கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தா, யாரு செருப்பு எந்தப் பக்கம் தேஞ்சிருந்துச்சுன்னு சொல்றவ நீ.”

“இப்ப அதுவா முக்கியம்?”

“போ. நான் எங்கயும் போயிடமாட்டேன்.”

சாயங்காலம் தொடங்கி இருட்டுவதற்குள் முடித்துவிடுவார்களாம். கிழவர்கள், சீக்கிரம் தூங்கப் போகவேண்டும் என்று மகள் கேலி செய்தாள். அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

மைதானத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி அந்த வழுக்கைத்தலைக்காரருக்கு. சட்டையைக் கழற்றினார். உள்ளே, அந்தக் குழுவின் படம் போட்ட பழைய பனியன், தொப்பையில் இழுபட்டு மூஞ்சிகளெல்லாம் அகலமாகிக் கிடந்தது. “நான் ராத்திரியெல்லாம் தூங்கலக்கா. உங்களுக்கு எந்தப் பாட்டு ரொம்பப் புடிக்கும்?” என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், “எல்லாமே,” என்றாள்.

மேடையில் ஆட்கள் தெரிந்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மகள் போனைத் தலையணைமேல் வைத்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள். ஆக்சிஜன் மெஷினின் ரீங்காரம் கேட்டது.

“வந்துட்டாங்க,” என்றாள். “கேக்குதாங்க?”

“ம்.”

“பாடறவரு கண்ணாடி போட்டிருக்காரு. சட்டைக்குப் பாதி பட்டன் போடல, இந்த வயசுல. டிரம்ஸ்காரருக்குப் பக்கத்துல ஒரு டேபிள் ஃபேன் வெச்சிருக்காங்க. கிடாரு வாசிக்கிற தாடிக்காரரு ஒரு காலை நொண்டறாரு.”

“எந்தக் கால்?”

“இடது. முட்டியா இருக்கும்.”

“ஐயோ பாவம்,” என்றது தலையணைமேல் இருந்த குரல். போன மாதம் வரை பக்கத்துத் தெருவில் இருந்தவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னது.

பாட்டு தொடங்கியபோது அவள் போனை மேடைப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். பாட்டு முடிந்ததும் காதில் வைத்து, பார்த்ததையெல்லாம் சொன்னாள். தாடிக்காரர் ஒரு பாட்டுக்கு நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டது. பாடுபவர் வரி மறந்து நின்றதும், மைதானமே எடுத்துக்கொடுத்ததும். “அவரு வெக்கப்பட்டுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாருங்க. கண்ணுதான் கலங்கியிருக்கணும். கண்ணாடியில ஒண்ணும் இல்ல.” ஒவ்வொன்றுக்கும் “ம்” வந்தது.

நாலைந்து பாட்டு போனபின் ஒன்றைக் கவனித்தாள். அடுத்த வரி என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பாஷையில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராது. ஆனாலும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த ஒரே ஒரு சுவர் வழியாக இத்தனை வருஷமும் வந்து வந்து, எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. அவள் வாய் முணுமுணுத்தது. வழுக்கைத்தலைக்காரர் திரும்பிப் பார்த்து, ‘நம்ம ஆளுதான்’ என்பதுபோலக் கட்டைவிரலை உயர்த்தினார்.

“நானும் பாடறேங்க,” என்றாள் போனில்.

“கேட்டுது,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சுருதி இல்ல.”

அவர்கள் வீட்டில் ‘நீளப் பாட்டு’ என்று ஒன்று உண்டு. டிரம்ஸ் மட்டும் தனியாகத் தொடங்கும். யாரோ மாடிப்படியில் அவசரமில்லாமல் ஏறிவருவதுபோல இருக்கும். கல்யாணமான புதிதில், சாப்பிடக் கூப்பிட்டால் “இந்தப் பாட்டு முடிஞ்சதும் வரேன்” என்பார். சோறு ஆறிப்போகும். ‘நீளப் பாட்டு’ என்பது அவள் திட்டுவதற்கு வைத்த பெயர்தான். அதுவே நிலைத்துவிட்டது.

“நீளப் பாட்டு எப்ப வரும்?” என்று கேட்டாள்.

“வரும்.”

அதற்குப் பிறகு “ம்” வருவதற்கு நேரமாக ஆரம்பித்தது. ஒன்று கேட்டால், ரீங்காரம்தான் முதலில் வந்தது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வானம் மங்கிக்கொண்டிருந்தபோது பாடகர் கையைக் கூப்பினார். எல்லோரும் தோளில் கைபோட்டுக் குனிந்து வணங்கினார்கள். தாடிக்காரர் நொண்டிக்கொண்டே போய் மறைந்தார். மேடை இருட்டாயிற்று. கூட்டம் காலைத் தரையில் உதைத்துக் கத்தியது. இப்படித்தான் வழியனுப்புவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

“முடிஞ்சிருச்சுங்க. உங்க நீளப் பாட்டைப் பாடவே இல்ல. ஏமாத்திட்டுப் போயிட்டாங்க.”

ரீங்காரம்.

“கேக்குதா? கூட்டம் வெளிய வர்றதுக்குள்ள நான் பஸ்ஸைப் புடிச்சிடறேன்.”

மெஷின் இரண்டு மூச்சு தள்ளியது.

“பரவால்ல,” என்றார். “நீ வா.”

வாயில் இரு கையையும் குவித்துக் கத்திக்கொண்டிருந்த வழுக்கைத்தலைக்காரர், கத்துவதை நிறுத்தாமலே முழங்காலை ஒதுக்கி வழி விட்டார். எல்லோரும் நின்றார்கள். அவள் ஒருத்திதான் போனாள். வாசலில் குடையையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். காலியான தெருவைப் பார்த்துச் சாமர்த்தியமாகக் கிளம்பிவிட்டோம் என்று ஒரு கணம் திருப்திகூடப்பட்டாள்.

மதிலை ஒட்டி பஸ் நிறுத்தம் பக்கம் பாதி தூரம் போயிருப்பாள். உள்ளே ஒரு பெரிய ஓலம் எழுந்து, பட்டென்று அடங்கியது. பிறகு, யாரோ மாடிப்படியில் அவசரமில்லாமல் ஏறிவந்தார்கள்.

கையில் குடையோடு அப்படியே நின்றாள்.

அவர் சொல்லியிருக்கிறார். ஒருமுறை இல்லை, எத்தனையோ முறை. டிவியில் அவர்கள் கச்சேரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மேடை இருட்டானதும் “அப்பாடா, முடிஞ்சுதா” என்றாள். “இல்லடி. லிஃப்ட் கதவு மூடறப்ப ஒருத்தன் கைய நீட்டினா திறக்குமில்ல, அது மாதிரி. போற மாதிரி போவாங்க. கத்தினா திரும்பி வருவாங்க. நீளப் பாட்டை அதுக்குன்னே வெச்சிருப்பாங்க.” அதற்கு அவள் என்ன சொன்னாள்? “அந்தத் துண்டை இப்படி எடுங்க,” என்றாள்.

வாசலுக்கு ஓடினாள். காவலாளி அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். “நான் அப்பவே சொன்னேனேம்மா. என் வேலை போயிடும்.”

மதிலுக்குத் திரும்பி வந்து, நடைபாதை ஓரம் கிடந்த சிமென்ட் கட்டைமேல் ஏறினாள். வீட்டுக்குக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தது மகள்.

“அம்மா...”

“பேசாத. நீளப் பாட்டு வருது. அப்பா காதுல வை. சீக்கிரம் வைடி.”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையை முடிந்தவரை உயர்த்தி, போனை மதிலுக்கு மேலே பிடித்தாள். கையில் போட்டிருந்த பை தோளுக்குச் சரிந்தது. பஸ் ஒன்று வந்து, நின்று, போயிற்று. போனில் யார் பேசினாலும் கேட்டிருக்காது. அது உண்மையிலேயே நீளமான பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் நின்று, கிடார் மட்டும் போகும் இடம் வந்தது. தாடிக்காரர் நின்றுகொண்டு வாசிப்பாரா, நாற்காலி கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை. சொல்வதற்கு எதுவுமில்லை, மதில்தான் இருந்தது. கை மரத்துப்போனதும் மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

பாட்டு முடிந்து கூச்சல் எழுந்தபோது போனைக் காதுக்குக் கொண்டுவந்தாள்.

“கேட்டாரா?”

மகள் மூச்சு விடுவது கேட்டது.

“காதுலதான் வெச்சிருந்தேம்மா,” என்றாள். பிறகு, “நீ பாத்து வா. அவசரப்படாத.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தால், வீட்டுக் கதவு சாத்தியிருந்தாலும் மெஷின் சத்தம் நடைவரை வரும். அன்று வரவில்லை. மகள் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். அவர் சுவர்ப் பக்கம் லேசாகச் சாய்ந்து கிடந்தார். மூக்கிலிருந்து குழாயை எடுத்திருந்தார்கள். கன்னத்தில் அதன் தடம் மட்டும் இருந்தது. தலையணைமேல் போன்.

பக்கத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சூடு எங்கே மிச்சமிருக்கிறது, விரல் எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்தால் எத்தனை நேரமாயிற்று என்று அவள் விரல்கள் சொல்லிவிடும். அவற்றைச் சொல்லவிடாமல், சட்டென்று கையை வெளியே எடுத்துக்கொண்டாள். போர்வையைச் சரிசெய்தாள்.

மறுநாள் அவருடன் வேலைபார்த்த மெக்கானிக்குகள் வந்தார்கள். கிடத்தித் தூக்கிப் போக லிஃப்டில் இடம் போதாது, மாடிப்படிதான். அவர்களில் மூத்தவர், எல்லோரும் ‘கட்டை’ என்று கூப்பிடும் குள்ள மனிதர், தலைமாட்டைப் பிடித்தார். முதல் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்று சொன்னார்: “ரெண்டாவது மாடிக்குக்கூட நடக்கமாட்டான் அண்ணி இவன். ‘அப்புறம் நம்ம பொழப்பு என்னடா ஆகும்’பான். இன்னிக்குப் பாருங்க.” சிரிப்பதுபோலத் தொடங்கிய முகம் பாதியில் வேறாயிற்று. காலடிகள் ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல் இறங்கிப்போயின.

முட்டிவலி என்று அவளை லிஃப்டில் வரச் சொன்னார்கள். மகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். இருவரும் லிஃப்டுக்குள் கதவைப் பார்த்து நின்றார்கள்.

“அம்மா, நீ கிளம்பறேன்னு சொல்லிட்டு போனை வெச்சியே, அப்ப அப்பா சிரிச்சாரு. ‘உங்கம்மா எந்திரிச்சுட்டா, இனிமேதான் பாட்டே வரும்’னாரு. நான் உன்னைக் கூப்பிட்டுச் சொல்றேன்னேன். வேணாம், வரட்டும்னாரு.”

கதவு மெல்ல மூடத் தொடங்கியது.

“அப்புறம் நீ ரெண்டாவது தடவ கூப்பிட்டப்ப...”

அவள் கையை நீட்டி, கதவு திறக்கும் பொத்தானை அழுத்தினாள். மூடப்போன கதவு தயங்கி, மறுபடி திறந்துகொண்டது. வெளியே நடையில் யாருமில்லை.

“கேஸை மூடினியா?” என்று கேட்டாள்.

“மூடிட்டேம்மா.”

“ஜன்னல்?”

“எல்லாம் மூடியாச்சு.”

கீழே வண்டி கிளம்பத் தயாராகி உறுமும் சத்தம் கேட்டது. யாரோ “அண்ணி” என்று கூப்பிட்டார்கள். அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. கதவு திறந்தே நின்றது.