நெட்டையன் பண்ணை

தரிசாகக் கிடந்த பண்ணை நிலத்தில் கூலியாட்கள் நிலம் கேட்டுக் குடிசை போட்ட நாலாம் நாள், அவர்களில் ஒருவனான நெட்டையனை வேலியோரம் பண்ணைக் காவலாட்கள் சுட்டுக் கொன்றார்கள். கடைகளுக்குப் போர்டு எழுதும் பெயிண்டர், நெட்டையன் மனைவியிடம் ஒரு போர்வை கேட்டு வாங்கி அதில் அவனை வரைந்தான். அகன்ற மார்பு, ஓங்கிய கை.

"மெஷின்ல மாட்டி அவருக்கு ரெண்டு விரல் போயிடுச்சே தம்பி. நீ அஞ்சும் போட்டிருக்கியே?" என்றாள் அவள்.

"ஜனங்க பாக்குற படம் அக்கா. முழுசா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்."

மூன்று வருடம், ஊர்வலத்துக்கு ஊர்வலம், இரண்டு கழிகளில் கட்டிய அந்தப் போர்வைதான் முன்னால் போனது. ஒரு பக்கத்துக் கழியைப் பிடித்து அவளும் நடந்தாள். கை கடுக்கும்போது புருஷனையே தூக்கிச் சுமப்பது போலிருக்கும். பத்திரிகைக்காரர்கள் படமெடுக்கும்போது மட்டும் கூலியாட்கள் சங்கத்துக்காரர்கள் கழியை வாங்கிக்கொள்வார்கள்.

கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்து பாதி நிலத்தைக் கொடுத்தது. சங்கச் செயலாளர் பட்டியலை வாசித்தார். வீட்டுக்கு ஓர் ஆண் பெயர்.

"எங்க வீடு வரலையே அண்ணே?"

"சட்டம் அப்படிம்மா. ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பங்கு எழுத முடியாது. அதுக்காக உன்னை விட்டுடுவோமா? சங்க ஆபீஸைக் கூட்டிப் பெருக்கு. தினம் அவரு படத்தைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"பாத்துக்கிட்டே இருந்தா வயிறு நிறையுமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் அரிவாளோடு போய், நிலத்தின் மூலையில் முள்ளை வெட்ட ஆரம்பித்தாள். ஊர்வலங்களில் அவளோடு சேர்ந்து போலீஸிடம் அடி வாங்கிய இரண்டு பேர் வந்தார்கள்.

"அக்கா, இது எங்க நெலம். வம்பு பண்ணாதீங்க."

அவள் நிமிரவில்லை.

மூன்றாம் நாள் பெயிண்டர் சைக்கிளில் ஒரு தகரப் போர்டைக் கட்டிக்கொண்டு வந்து, பத்தடி தள்ளிக் குழி தோண்டி நட்டான். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

"என்ன தம்பி எழுதியிருக்கே?"

"அண்ணன் பேருதான் அக்கா. 'நெட்டையன் பண்ணை.' கூட்டத்துல எல்லாரும் கைதட்டினாங்க."

"கீழே சிவப்புல?"

அவன் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினான்.

"அனுமதியில்லாம யாரும் உள்ள வரக்கூடாது."

அவள் போர்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த செடியின் தூரில் அரிவாளைப் போட்டாள்.

அன்று சாயங்காலம், செயலாளர் கொடுத்த புகாரின் பேரில் போலீஸ் ஜீப் வந்தபோது, நாலு பாய் விரிக்கிற அளவு முள் போய் மண் வெளுத்திருந்தது.