பனியைத் திருப்பிக் கொட்டிய ஊர்

ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் வால்சூராவில் இன்றைக்குக் குளிர்காலத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ரயில் வந்த புதிதிலோ அந்த ஊருக்குப் பனி என்றால் சனியன். கூரையிலிருந்து தள்ளு, வாசலில் வாரு, சீக்கிரம் உருகட்டும் என்று வயலில் சாம்பலைத் தூவு. ஆறு மாதமும் இதே பிழைப்பு. அந்தப் பனிக்காகவே ஆள் வரும் என்று விடுதிக்காரி மெங்கியா சொன்னபோது ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

"காலில கட்டையைக் கட்டிக்கிட்டுச் சறுக்கவா? ஸூரிச்சில அத்தனை பேருக்கா பைத்தியம் புடிச்சிருக்கு?" என்றார் டூரி. செத்துப்போன அவள் புருஷனின் அண்ணன், ஊர்த்தலைவர். விடுதிக் கட்டடமும் அவருடையதுதான். "வர்றவங்க முழுசா ஒரு வாரம் தங்கிட்டா விடுதி உனக்கு. நடுவுல ஓடிட்டாங்கன்னா என் வைக்கோலுக்கு இடம் வேணும், புள்ள."

ஓடிவிட்டால் அவள் மறுபடி கீழ்நாட்டு ஓட்டலில் துணி வெளுக்கப் போக வேண்டும். பதினோரு வருடம் வெளுத்தவள்.

ஆறு பேர் வருவதாகக் கடிதம் வந்தது. முதல் நாளே கீழே இறங்கி ரயிலடியில் தங்கி, மறுநாள் குதிரைச் சறுக்குவண்டியில் அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். விடுதிக்கு முன்னாலிருக்கும் சரிவைப் பற்றி வழியெல்லாம் அளந்தாள். "இடுப்பளவு பனிங்க. வெண்ணெய் மாதிரி இருக்கும்."

கடைசித் திருப்பத்தில் வண்டி நின்றது. ஐயோ! சரிவு முழுக்கப் பழுப்பும் கறுப்புமாய்க் கிடந்தது. புல் தெரியச் சுரண்டி, மேலே அடுப்புச் சாம்பலையும் தூவியிருந்தார்கள். மண்வெட்டியோடு ஊரே வரிசைகட்டி நின்றது, நடுவில் டூரி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில்.

"உன் விருந்தாளி வழுக்கி விழுந்தா ஊருக்குத்தானே அவமானம்? நேத்து நீ கீழே இறங்கினதிலேர்ந்து வாரினோம்," என்றார் பெருமையாக.

"மாமா! அவங்க வழுக்கத்தான் வந்திருக்காங்க!" மெங்கியா வண்டியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

டூரியின் முகம் தொங்கிப்போனது. கெட்ட மனிதரில்லை, என்ன செய்ய, பனியைக் கண்டால் வாரத்தான் தெரியும். "ஏண்டா மரமாட்டம் நிக்கிறீங்க? வாரினதையெல்லாம் திருப்பிக் கொட்டுங்கடா!" என்று கத்தினார்.

வைக்கோல் இழுக்கும் வண்டி, எருக்கூடை, பிள்ளைத் தொட்டில்கூட வந்தது. விருந்தாளிகளின் தலைவர் எக்லி வாத்தியார் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அவரும் ஒரு கூடையைத் தூக்கினார். மற்ற ஐவரும் சும்மா இருப்பார்களா? பாதிப் பனி சரிவிலும் மீதி அடுத்தவர் கழுத்துக்குள்ளும் விழுந்தது. பொழுது சாய்வதற்குள் சரிவு வெளுத்துவிட்டது.

"இது போதுமான்னு பாக்கணுமே," என்றார் டூரி. எக்லி தன் கட்டைகளை அவர் காலிலேயே கட்டிவிட்டார். ஊர்த்தலைவர் "மாதாவே!" என்று அலறிக்கொண்டே இறங்கி, கீழே இருந்த குவியலுக்குள் தலைகுப்புறச் சொருகிக்கொண்டார். முதலில் மீசை வெளியே வந்தது, அப்புறம் குரல்.

"இன்னொரு தடவை!"

ஐந்தாவது தடவைக்கு அவர் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, மெங்கியா பார்லி சூப் குண்டானோடு வெளியே வந்தாள். கேட்கப் பயமாகத்தான் இருந்தது. கேட்டேவிட்டாள். "ஐயா, நாளைக்குக் கிளம்பிடுவீங்களா?"

"எப்படிம்மா கிளம்பறது?" எக்லி சரிவைக் காட்டினார். "உங்க தலைவர் என் கட்டையைக் கழட்டித் தரமாட்டேங்கிறாரே. வாங்கறதுக்கு ஒரு வாரமாவது ஆகும் போல."

மெங்கியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு கிண்ணங்களையும் வழிய வழிய நிரப்பினாள். ஏழாவதை மூத்தார் டூரிக்கென்று எடுத்து வைத்தாள்.